ஆல்கோ, இஎம்டி, ஜிஇ: டீசல் லோகோ எஞ்சின்களை ஒப்பிடுவது எப்படி?

குதிரைத்திறன் எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து இரண்டு டீசல் எஞ்சின்களை எடை போட முடியாது. 2,600 குதிரைத்திறன் உள்ள பழைய டபிள்யூடிஎம்-2 லோகோ, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சுமார் 30 டன் இழுவிசை கொடுக்கும். 4,000 குதிரைத்திறன் உள்ள டபிள்யூடிபி-4 கொடுப்பது சுமார் 27 டன்தான். எண்ணைப் பார்த்து முடிவு கட்டியவர் இங்கேயே தவறிவிடுவார்.

ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து ஷெட்டில் (லோகோ பராமரிப்புக் கூடத்தில்) அப்ரெண்டிஸாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்கும், நெல்லை ஜங்ஷனிலும் செங்கோட்டையிலும் நின்று லோகோவைக் கவனிக்கிறவர்களுக்கும் இந்த முறை உதவும். லோகோ என்றால் முழு வண்டி. எஞ்சின் என்றால் அதற்குள் இருக்கும் டீசல் எஞ்சின் மட்டும். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

நம் நாட்டு அகலப்பாதையில் மூன்று எஞ்சின் குடும்பங்கள்; ஆல்கோ, இஎம்டி, ஜிஇ என்ற மூன்று அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. முதலாவது ஆல்கோ 251. அமெரிக்காவிலிருந்து 1962-ல் டபிள்யூடிஎம்-2 ஆக வந்து, 1964 முதல் வாரணாசி டிஎல்டபிள்யூவில் (ரயில்வேயின் டீசல் லோகோ தொழிற்சாலை) தயாரானது. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூடிஎம்-4-உம் இங்கே ஓடியது. தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தர ஆல்கோ ஒப்புக்கொண்டதால் அந்தப் பந்தயத்தில் ஆல்கோ வென்றது. ஆல்கோ கம்பெனி 1969-லேயே லோகோ தொழிலை மூடிவிட்டது; அதன் எஞ்சின் இங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. இரண்டாவது இஎம்டி 710; இஎம்டி என்பது அன்று ஜெனரல் மோட்டார்ஸின் லோகோ பிரிவு. 1995-ல் ஒப்பந்தம் போட்டு, 1999-லிருந்து டபிள்யூடிஜி-4 ஆக வரத் தொடங்கியது. மூன்றாவது ஜிஇ-யின் ஜிஇவிஓ. 2015 ஒப்பந்தப்படி பீகாரின் மர்ஹௌராவில் தயாராகும் டபிள்யூடிஜி-4ஜி, டபிள்யூடிஜி-6ஜி லோகோக்களில் இருப்பது. ரோஸா, காந்திதாம் ஷெட்களைச் சேர்ந்த சரக்கு லோகோக்கள் என்பதால் தென்கோடியில் இவற்றைப் பார்ப்பது அரிது. நம் பக்கம் வந்த டீசல்களில் பெரும்பாலானவை பொன்மலை, எர்ணாகுளம், ஈரோடு ஷெட்களைச் சேர்ந்த ஆல்கோவும் இஎம்டியும்தான்.

பெயரில் டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல்; அடுத்த எழுத்து பி என்றால் பயணி, ஜி என்றால் சரக்கு, எம் என்றால் இரண்டுக்கும். பெயரைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. டபிள்யூடிஎம்-3ஏ-வில் 3 என்றால் 3,000, ஏ என்றால் கூட ஒரு நூறு, ஆக 3,100. இதுவரை சரி. ஆனால் இந்த விதிப்படி 3டி என்பது 3,400 ஆக வேண்டும். உண்மையில் அது 3,300. டபிள்யூடிபி-4பி-யும் 4டி-யும் இரண்டுமே 4,500. எழுத்தை நம்பாமல் மேனுவலைப் பாருங்கள்.

முதல் கணக்கு: ஒரு சிலிண்டருக்கு எவ்வளவு

மேனுவலில் இருந்து ஐந்தே எண்கள் எடுத்தால் போதும்: போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), சிலிண்டர் எண்ணிக்கை, முழு வேகத்தில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), மொத்தக் குதிரைத்திறன். கடைசி எண்ணில் கவனம் தேவை. கிராங்க் ஷாஃப்டில் கிடைக்கும் மொத்தத் திறன் வேறு, கம்ப்ரசர், ரேடியேட்டர் ஃபேன், புளோயர் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு இழுவைக்கு மிஞ்சும் திறன் வேறு. ஒரு லோகோவுக்கு மொத்தத்தையும் இன்னொன்றுக்கு மிச்சத்தையும் எழுதிவிட்டு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

ஆல்கோ 251: போர் 228.6 மிமீ, ஸ்ட்ரோக் 266.7 மிமீ, சிலிண்டருக்குச் சுமார் 10.95 லிட்டர். 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். டபிள்யூடிஎம்-3ஏ-வில் 1,050 ஆர்பிஎம்மில் 3,100.

இஎம்டி 710: போர் 230.2 மிமீ, ஸ்ட்ரோக் 279.4 மிமீ, சிலிண்டருக்கு 11.6 லிட்டர். 710 கன அங்குலம் என்பதால்தான் அந்தப் பெயரே. 16 சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். டபிள்யூடிஜி-4-ல் சுமார் 904 ஆர்பிஎம்மில் 4,000.

ஜிஇவிஓ: போர் 250 மிமீ, ஸ்ட்ரோக் 320 மிமீ, சிலிண்டருக்கு 15.7 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக். 12 சிலிண்டரில் 1,050 ஆர்பிஎம்மில் 4,500. 16 சிலிண்டரில் 6,000.

வகுத்துப் பார்த்தால் சிலிண்டருக்கு ஆல்கோ 194, இஎம்டி 250, ஜிஇ 375. மீட்டர் கேஜ் காலத்தில் நெல்லையிலிருந்து செங்கோட்டைக்கும் திருச்செந்தூருக்கும் ஓடிய ஒய்டிஎம்-4-ஐயும் இதில் சேர்த்துப் பாருங்கள். அதே 251 குடும்பம், வரிசையாக ஆறே சிலிண்டர், 1,100 ஆர்பிஎம், 1,350 குதிரைத்திறன், சிலிண்டருக்கு 225. அந்தச் சின்ன லோகோவின் சிலிண்டர் ஒவ்வொன்றும் டபிள்யூடிஎம்-2 சிலிண்டரை விட (162) கடுமையாக உழைத்தது. சின்ன வண்டி என்று நினைத்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

இரண்டாம் கணக்கு: பிஸ்டன் மேல் சுமை

மேனுவல்களில் பிஎம்இபி என்று இருக்கும். எரியும்போது பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம். சூத்திரம் எளிது. குதிரைத்திறனை 0.746-ஆல் பெருக்கி கிலோவாட் ஆக்குங்கள். நான்கு ஸ்ட்ரோக்குக்கு அதை 1,200-ஆல் பெருக்குங்கள். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 600-ஆல். வந்ததை மொத்த லிட்டராலும் ஆர்பிஎம்மாலும் வகுத்தால் விடை பாரில் வரும்.

ஆல்கோ 3,100-க்குச் சுமார் 15 பார். இஎம்டி 4,000-க்குச் சுமார் 10.6. ஜிஇ 4,500-க்குச் சுமார் 20. அதிகத் திறன் தரும் இஎம்டியில் பிஸ்டனுக்குச் சுமை குறைவு! காரணம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. ஆல்கோவில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. முழு வேகத்தில் நிமிடத்துக்கு எத்தனை வெடிப்பு என்று பாருங்கள்: ஆல்கோ 8,400, இஎம்டி சுமார் 14,460, 12 சிலிண்டர் ஜிஇ 6,300.

இரண்டு ஸ்ட்ரோக்குக்கும் 1,200 போட்டுவிட்டால் இஎம்டிக்கு 21 பார் வந்து நிற்கும். அதை வைத்து யாராவது வாதாடினால் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

காதால் பிரித்தறிய நினைப்பவர்களும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐடிலில் (சுமையில்லாமல் சும்மா ஓடும்போது) ஆல்கோ 400 ஆர்பிஎம் சுற்றினால் நிமிடத்துக்கு 3,200 வெடிப்பு. இஎம்டி லோ-ஐடிலில் 200 ஆர்பிஎம்மில் சுற்றினாலும் அதே 3,200. ஆக ஐடிலில் தாளத்தின் வேகத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நாட்ச் ஏறும்போது (திறனைக் கூட்டும் கைப்பிடியின் படிகள்; எட்டாம் நாட்ச் முழுத் திறன்) கேளுங்கள். இஎம்டியில் டர்போவின் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) கூவல் தொடக்கத்திலேயே சேர்ந்து வரும்; ஆல்கோவில் முதலில் கனத்த தட்டல், கொஞ்சம் பொறுத்துத்தான் டர்போ.

காற்றும் புகையும்

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் டர்போ சுற்றும் விதம். ஆல்கோவில் டர்போவைச் சுற்றுவது வெளியேறும் புகை மட்டுமே. நாட்சைத் திறந்ததும் டீசல் உடனே கூடிவிடும். காற்று வர டர்போ வேகமெடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் எரியாத கரி கருப்புப் புகையாக வெளியேறும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினால் தானாகக் காற்றை உள்ளே இழுக்கவே முடியாது; ஐடிலிலும் யாராவது ஊதித்தான் ஆகவேண்டும். அதனால் இஎம்டியில் டர்போவை எஞ்சின் கியரே ஒரு கிளட்ச் வழியாகச் சுற்றும். சுமை கூடி, புகையின் வேகம் கியரை முந்தியதும் கிளட்ச் விடுபட்டு டர்போ தானாக ஓடும். கிளம்பும்போது இஎம்டி அவ்வளவாகப் புகைக்காததன் ரகசியம் இதுதான். விலையும் இதில்தான் இருக்கிறது: அந்த கிளட்ச் கெட்டால் குறைந்த நாட்சில் காற்றே வராது, கருப்புப் புகை விட்டு எஞ்சின் திணறும்.

புகையை வைத்து ஒப்பிடும்போது நிறத்தையும் நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். ஆல்கோ கிளம்பும்போது சில விநாடி கருப்பு விட்டுத் தெளிந்தால் அது நோய் இல்லை. நாட்ச் நிலையாக நின்ற பிறகும் கருப்பு தொடர்ந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ தளர்ச்சி, இன்ஜெக்டர் நாசில் ஒழுகல், ஆஃப்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) அழுக்கு என்ற வரிசையில் பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது நல்லது. நீலம் என்றால் லூப் ஆயில் (எஞ்சினின் மசகு எண்ணெய்) எரிகிறது: பிஸ்டன் ரிங், அல்லது டர்போ ஆயில் சீல். நெடுநேரம் ஐடிலில் நின்ற இஎம்டி புகைபோக்கியில் எண்ணெய் துப்புவது உண்டு. சுமை கொடுத்து ஓட்டியதும் நின்றால் கவலையில்லை. வெள்ளைப் புகை குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் வரும். சூடேறிய பிறகும் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்காமல் அடுத்த முறை கிராங்க் பண்ணி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் வழி: நெடுநேரம் நிறுத்தி வைத்த எஞ்சினில் இஎம்டி என்றால் சிலிண்டர்களின் டெஸ்ட் காக்குகளை (சின்னத் திறப்புக் குழாய்கள்) திறந்து, ஆல்கோ என்றால் டிகம்ப்ரஷன் பிளக்குகளைத் தளர்த்தி, கையால் எஞ்சினைச் சுற்ற வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும்.

இழுவை: கழுதுருட்டி ஏற்றத்தில் ஒரு கணக்கு

கழுதுருட்டி வழியாகப் போகும் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் ஏற்றம் 37-க்கு 1. கணக்குப் போட்டுக் கற்க இதைவிட நல்ல இடம் நம் பக்கம் கிடையாது. 600 டன் பெட்டிகள், 123 டன் டபிள்யூடிஜி-3ஏ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 723 டன். அதை 37-ஆல் வகுத்தால் ஏற்றத்துக்கு மட்டும் 19.5 டன் இழுவை. உருளும் தடையும் வளைவுத் தடையும் டன்னுக்கு 5 கிலோ என்று போட்டால் இன்னும் 3.6 டன். ஆக 23 டன்.

இனி வேகம். இழுவையை கிலோவில் எழுதி, மணிக்குக் கிமீயால் பெருக்கி, 270-ஆல் வகுத்தால் சக்கரத்தில் தேவைப்படும் குதிரைத்திறன் வரும். 23,000 × 30 ÷ 270 = சுமார் 2,550. மொத்தம் 3,100 உள்ள எஞ்சினில் துணைக் கருவிகளும் ஜெனரேட்டர், மோட்டார் இழப்பும் போனால் சக்கரத்துக்கு வருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது மணிக்கு 30 கிமீயில் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் பின்னால் பேங்கர் லோகோ போட்டு ரயிலைத் தள்ளுவது ஏன் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இதில் எஞ்சின் கம்பெனியை விட மற்ற விஷயங்கள்தான் அதிகம் பேசுகின்றன. டபிள்யூடிஎம்-3ஏ-வும் டபிள்யூடிஜி-3ஏ-வும் ஒரே 251 எஞ்சின், ஒரே 3,100. முன்னதில் கியர் 18:65, பின்னதில் 18:74, போகியும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) வேறு. கிளம்பும் இழுவை முன்னதற்கு 30.5 டன், பின்னதற்கு 37.9 டன். தொடக்கத்தில் சொன்ன டபிள்யூடிபி-4 புதிரும் இங்கே அவிழ்கிறது: ஆறு அச்சில் நான்கில்தான் மோட்டார், அதுவும் வேகத்துக்கான கியர்.

அடுத்து வழுக்கல். கிளம்பும் இழுவையை லோகோ எடையால் வகுங்கள். டபிள்யூடிஎம்-2-க்கு 30.45 ÷ 112.8, அதாவது 27 சதவீதம். டபிள்யூடிஜி-3ஏ-வுக்கு 31. டபிள்யூடிஜி-4-க்கு சுமார் 54 ÷ 126, 43 சதவீதம். இந்த 43 இஎம்டி எஞ்சினின் பெருமை அல்ல. ஏசி மோட்டாரும், சக்கரங்கள் வழுக்கும் விளிம்பில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலும் தந்தது. ஆனி, ஆடி மாதம் செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்துத் தண்டவாளம் நனைந்திருக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: டிசி மோட்டார் லோகோ சக்கரம் வழுக்கியதும் திறனைக் குறைத்து, மணலைத் தூவி, மறுபடி ஏற்றும். அந்த நேரத்தில் எஞ்சினில் 3,100 இருந்தாலும் 4,500 இருந்தாலும் பயன் ஒன்றுதான்.

எனவே எஞ்சினை ஒப்பிட விரும்பினால் ஒரே மோட்டார், ஒரே கியர் உள்ள லோகோக்களை எடுக்க வேண்டும், ஆனால் அப்படிக் கிடைக்காது. அதனால்தான் ஷெட்டில் லோடு பாக்ஸ் வைத்திருக்கிறார்கள்.

எரிபொருள்

லோடு பாக்ஸில் மின்சாரத்தைத் தண்ணீர் தடையிலோ கிரிடிலோ (உலோகத் தடைகள்) வெப்பமாக எரித்துவிட்டு, எஞ்சினின் திறனையும் குடித்த டீசலையும் ஒரே நேரத்தில் அளப்பார்கள். உதாரணமாக 3,000 குதிரைத்திறனில் ஒரு மணி நேரத்துக்கு 580 லிட்டர் போனால், டீசல் லிட்டருக்கு 0.835 கிலோ என்று வைத்து 484 கிலோ. 3,000-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் மணிக்கு 161 கிராம். லிட்டரில் ஒப்பிடாதீர்கள்: மே மாத நெல்லை வெயிலில் காய்ந்த டீசலும் விடியற்காலை டீசலும் ஒரே லிட்டரில் ஒரே எடை இல்லை. தண்ணீர், ஆயில் சூடு நிலைப்பட்ட பிறகுதான் அளக்கத் தொடங்க வேண்டும்.

எட்டாம் நாட்சில் மட்டும் அளந்து நிறுத்திவிடுவது அரைகுறை வேலை. நெல்லை – திருச்செந்தூர் 61 கிமீயில் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று நின்று நின்று போன டீசல் பாசஞ்சருக்கு எட்டாம் நாட்ச் கிடைத்த நேரம் கொஞ்சம். அந்த வேலைக்கு ஒப்பிட வேண்டுமானால் ஒரு நடையில் ஒவ்வொரு நாட்சிலும் எத்தனை நிமிடம் என்று குறித்து, லோடு பாக்ஸில் அந்தந்த நாட்சுக்கு வந்த டீசல் அளவோடு பெருக்கிக் கூட்டுங்கள். எட்டாம் நாட்சில் தோற்ற எஞ்சின் இந்தக் கணக்கில் ஜெயிப்பதுண்டு.

ஐடிலை மறக்கவே கூடாது. பெரிய எஞ்சினை ஐடிலில் விட்டால் மணிக்கு 25 லிட்டர் வாக்கில் குடிக்கும்; அதை நிறுத்திவிட்டு பேட்டரி, காற்று அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்ன துணை எஞ்சின் (ஏபியு) ஓடினால் சுமார் 3 லிட்டர். எட்டு மணி நேரம் யார்டில் நின்றால் 200-க்கு 24. இரண்டு கம்பெனி எஞ்சின்களுக்கு இடையே உள்ள சில கிராம் வித்தியாசத்தை ஓர் இரவு ஐடில் விழுங்கிவிடும். சரக்கு வண்டிக்கு ரயில்வே பயன்படுத்தும் அளவு, ஆயிரம் மொத்த டன் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது. அதில் ஐடிலும் சேர்ந்தே வரும்.

ஷெட்டில் எது சுலபம்

ஒரு சிலிண்டர் கெட்டால் என்ன ஆகும் என்பதே நல்ல கேள்வி. ஆல்கோவில் ஹெட்டைக் கழற்றி, கிராங்க் கேஸ் கதவு வழியாக ராடு கேப்பை விடுவித்து, பிஸ்டனை மேலே தூக்கி, பிறகு லைனரை (சிலிண்டரின் உள்குழாய்) இழுக்க வேண்டும். இஎம்டியில் ஹெட், லைனர், பிஸ்டன், ராடு எல்லாம் ஒரே பவர் அசெம்பிளியாக வெளியே வரும். தயாராக வைத்திருக்கும் இன்னொன்றை இறக்கிவிடலாம். ஜிஇவிஓவிலும் இதே போக்கு. ஆனால் ஸ்டோரில் அந்த அசெம்பிளி இருந்தால்தான் இந்தச் சுலபம். ஆல்கோவுக்கு உதிரி உள்நாட்டிலேயே தாராளமாகக் கிடைத்ததும், ஃபியூல் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக வெளியே தெரியும்படி இருப்பதும் அதன் பலம்.

இஎம்டியில் எனக்குப் பிடித்த வசதி வேறு. ஏர் பாக்ஸ் கைத்துளை மூடியைக் கழற்றி, விளக்கு அடித்து, எஞ்சினை மெல்லச் சுற்றினால் லைனர் போர்ட் வழியாக பிஸ்டன் ரிங்கை நேரில் பார்க்கலாம். ரிங் போர்ட்டுக்கு எதிரே வரும்போது குச்சியால் அழுத்துங்கள். ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால் நல்லது, அசையாமல் ஒட்டிக்கிடந்தால் கரி பிடித்துவிட்டது, பிளந்திருந்தால் கையோடு மாற்ற வேண்டும். ஆல்கோவில் இதற்கு ஹெட்டைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.

இஎம்டிக்குச் சில கண்டிப்புகள் உண்டு. எஞ்சினை நிறுத்திய பிறகும் டர்போ லூப் பம்ப் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். சத்தம் கேட்கிறதே என்று பேட்டரி ஸ்விட்சை இழுத்துவிட்டால் சூடான டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகும். எஞ்சினின் பிஸ்டன் பக்கத்து பேரிங்கில் வெள்ளி இருப்பதால் துத்தநாகம் கலந்த ஆயில் ஆகாது. லாரிக்கு ஊற்றும் ஆயிலை டாப்-அப் செய்வது அந்த பேரிங்கைக் கொல்வதற்குச் சமம். கிராங்க் கேஸ் அழுத்தம் கூடி எஞ்சின் டிரிப் ஆனால் உடனே ஸ்டார்ட் பண்ணவும் கூடாது, கதவைத் திறக்கவும் கூடாது. உள்ளே சூடான எண்ணெய் ஆவி. காற்றுப் பட்டால் வெடிக்கும். இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். இந்தக் கடைசி விதியை எல்லாக் கம்பெனி எஞ்சினுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மண்ணுக்கான சேர்க்கை

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் ஆடிக் காற்றும் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். கால அட்டவணைப்படி மட்டும் மாற்றாமல் ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைப் பார்த்து மாற்றுங்கள். காற்று அதிகம் கேட்பது இரண்டு ஸ்ட்ரோக். எரிவதற்கு மட்டுமல்ல, புகையைத் துடைத்துத் தள்ளவும் அதற்குக் காற்று வேண்டும். அதனால் ஒரே அளவு தூசியில் இஎம்டியின் ஃபில்டர் வழியாகப் போகும் தூசியும் கூடுதல்.

இரண்டு லோகோவை ஒப்பிட்டு எழுதும் நோட்டில் அன்றைய வெளிச்சூடு, ஃபில்டர் மாற்றிய தேதி, கடைசிப் பராமரிப்பு ஷெட்யூல், லூப் ஆயில் ஊற்றிய லிட்டர் நான்கையும் எழுத ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்பும்போது டாப்-அப் செய்வதற்கு முன்பே, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். புது ஆயில் கலந்த பிறகு எடுத்தால் இரும்பும் செம்பும் குறைவாகத் தெரியும், தேய்ந்த எஞ்சின் நல்ல எஞ்சினாகிவிடும்.